பத்தில் ஒரு பங்கு

இரண்டு ராத்திரி தொடர்ந்து இடி.
மூன்றாம் நாள் காலை
ஏழாம் நம்பர் காப்பிக்காட்டில்
சில்வர் ஓக் மரத்தடிப் புற்று
குடை விரித்து நின்றதாம்.
முந்தானையில் அள்ளி வந்தாள் நாகரத்தினம்.
ஜீப் கழுவிக்கொண்டிருந்த நான்
பைப்பை மூட மறந்தேன்.

"ரெண்டு கிலோ தேறும்" என்றாள்.
தாண்டிக்குடிச் சந்தையில் கொடுத்துவிட்டு
கறி எடுத்துக்கொள்வோம் என்றேன்.
"இதை வித்துக் கறி வாங்கணுமா?
இதுவே கறி."

போன செவ்வாய்க்கிழமைச் சீட்டில்
அவள் ரத்தம் ஏழு புள்ளி நாலு.
ஈரல், முட்டை, முருங்கைக்கீரை என்று
ஜெசிந்தா சிஸ்டர் எழுதிக் கொடுத்த காகிதம்
என் டீசல் கணக்கு நோட்டுக்குள்
மடிப்புக் கலையாமல் இருக்கிறது.
போன் போட்டுக் கேட்டேன்.
"புரதம் உண்டு. பொட்டாசியம் உண்டு. இரும்பு கொஞ்சம்தான்,
அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.
பத்துல ஒன்பது பங்கு தண்ணிதானே அது."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"என்ன காளான்னு தெரியும்ல?"

மீதி ஒரு பங்கைப் பற்றித்தான்
எனக்கும் யோசனை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சடையாண்டி.
பண்ணைக்காட்டுக்கு லோடு இறக்கிவிட்டு வரும் வழியில்
எதையோ பறித்து வதக்கித் தின்றான்.
மறுநாள் வாந்தி.
அதற்கடுத்த நாள் "சரியாப் போச்சுடா" என்று பீடி கேட்டான்.
நாலாம் நாள் கண் மஞ்சள்.
அவனுடைய ஸ்டெப்னி டயர்
இன்னும் என் ஜீப்பில்தான் தொங்குகிறது.

மஞ்சள் தூள் போடு, கறுத்தால் விஷம் என்றார்
டீக்கடைக் குமரண்டி.
வெள்ளிக் கொலுசைப் போடு என்றது பெஞ்சில் இருந்த ஆள்.
"கொலுசைப் பாத்துப் பயந்து வெளிய வருமா விஷம்?"
என்று கேட்டுவிட்டு
ஒரு காளானைத் தலைகீழாய்ப் பிடித்தாள் நாகரத்தினம்.
பென்சில் நீளத்துக்கு வால்,
நுனியில் கரையான் மண்.
"புத்துக்குள்ளேர்ந்து இழுக்க இழுக்க வந்துச்சு.
வால் அறுந்ததை அங்கயே போட்டுட்டேன்."
நல்லதையுமா?
"சந்தேகம் வந்த பெறகு அது நல்லது இல்ல."

கத்தி படவில்லை. நார் நாராய்க் கிழித்தாள்.
சின்ன வெங்காயம், பூண்டு,
அம்மியில் ஒரு இழுப்பு இழுத்த மிளகு.
ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை,
சட்டி நிறையத் தண்ணீர்.
அது வற்ற வற்ற
கோழி எலும்பு வேகும் வாசம் கிளம்பி
ஜீப்புக்குள் போய் உட்கார்ந்திருந்த என்னை
கண்ணாடி இடுக்கு வழியே கண்டுபிடித்தது.
கேப்பைக் களியில் குழி பறித்து
குழம்பை ஊற்றித் தின்றாள்.
எனக்கு ரசம்.

ஒன்பது மணிக்குத் தின்றவள் பத்தரைக்குத் தூங்கினாள்.
உடனே தெரியாது, மெதுவாய்த்தான் தெரியும் என்பது
சடையாண்டி விட்டுப் போன கணக்கு.
பன்னிரண்டுக்கு மூச்சைக் கேட்டேன்.
ஒன்றரைக்கு நெற்றியைத் தொட்டேன், தட்டிவிட்டாள்.
இரண்டே காலுக்கு
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வத்தலக்குண்டு வரைக்கும்
கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாதி இறக்கத்தில் குறட்டை கேட்டது.
இந்த மலையில் நான் கேட்ட
நல்ல சத்தங்களில் ஒன்று.

நாலு மணிக்கு எனக்குப் பசித்தது.
பூனைக்குப் பயந்து மூடி மேல் குழவி வைத்திருந்தாள்.
நின்றபடியே ஒரு நார்.
ஆறிப்போயும் மிளகு ஏறியது.
கறிதான். இல்லை,
கறிக்கு இந்த மழை வாசம் கிடையாது.
இன்னொரு நார்.
அப்புறம் சட்டியை வழித்தேன்.

விளக்கைப் போட்டாள்.
சட்டியைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்பு மாத்திரையைப் பிரித்து விழுங்கி
செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு
எனக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்து
கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.